அரைப் பேர்

பதுளை டவுனில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் கைநூல் எழுதுவது என் வேலை. தேயிலைத் தோட்டங்களில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யார் யார் வந்தார்கள் என்று போனில் பதிவதற்கு நாங்கள் ஒரு செயலி செய்திருந்தோம். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும் என்று நான் எழுதுவேன். எழுதிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வருவதற்குள் அந்தப் பொத்தான் இடம் மாறியிருக்கும்.

மாற்றுகிறவர் எங்கள் புரோகிராமர், யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல பிள்ளை, ஆனால் கை சும்மா இருக்காது. "செயலிய மாத்தினா கைநூலையும் மாத்துங்க தம்பி" என்று நானும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

செயலியை முதலில் எடுத்தது என் அண்ணன். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. "போன்லாம் நமக்குச் சரிவராதுங்க" என்ற தோட்டத்து ஆட்களிடம், "என் தங்கச்சி எழுதுனது, தப்பே வராது" என்று மார்தட்டியிருக்கிறார்.

ஒரு நாள் சாயங்காலம் அவரிடமிருந்து போன்.

"ஒன் புஸ்தகத்துல இருக்குறபடிதான் செஞ்சேன். மொத்த டிவிஷனுக்கும் அரைப் பேர் விழுந்திருக்கு. எல்லாரும் என்னயச் சுத்தி நிக்கிறாங்க. நாளைக்குப் பெரட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. முழு நாள் நின்றால் ஒரு பேர், பாதியில் இறங்கினால் அரைப் பேர், கூலியும் பாதி. அப்படி இறங்குகிறவர்களுக்காக ஆள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வைத்திருந்தோம். கைநூலைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியிருந்த 'அரைப் பேர்' அங்கே இல்லை. 'ஒவ்வொருவருக்கும் சுருக்கப் பெயர் இடவும்' என்று அழகான தமிழில் இருந்தது. செயலியிலும் அதேதான். பாவம் அண்ணன், ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இனிஷியல் அடித்திருக்கிறார். அந்தக் கட்டத்தில் எதைப் போட்டாலும் பாதி நாள் என்ற கணக்கு மட்டும் உள்ளே மாறாமல் கிடந்தது.

புரோகிராமரைப் பிடித்தேன். கைநூலில் அந்த வரியைக் காட்டி, இது யார் வேலை என்று கேட்டேன்.

"அரைப் பேர் எண்டா பாதிப் பெயர்தானே அக்கா? இனிஷியலாக்கும் எண்டு நினைச்சன். 'பேர்' எண்டிருந்த எழுத்துப் பிழையையும் திருத்தி விட்டனான்" என்றார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு, "நீங்கள்தானே கைநூலையும் மாத்தச் சொன்னனீங்கள்" என்றார்.

செயலியும் கைநூலும் வரிக்கு வரி ஒத்துப்போயிருந்தது அன்றைக்குத்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செயலியைத் திருத்தத் திருத்த நான் கைநூலைத் திருத்தினேன். பேர் என்றால் என்ன என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் பெரட்டில் அண்ணன் போனைப் பார்த்து முந்தின நாள் கணக்கை ஒவ்வொருவராக வாசித்தாராம். எல்லோருக்கும் முழுப் பேர். யாரும் சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டேதான் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினார்களாம். அவர் மானம் தப்பியது என்று நானும் நிம்மதியானேன்.

போன மாதம் தோட்டத்துக்குப் போனபோது, அண்ணன் எந்த மலையில் நிற்கிறார் என்று வழியில் ஓர் அக்காவிடம் கேட்டேன். அவர் கொழுந்துக் கூடையை இறக்காமலே மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏய், அந்த அரைப்பேரக் கூப்புடுங்க, தங்கச்சி வந்திருக்கு."