எருமையும் ஞானத்தகப்பனும்

பொடென்சியானா சுருட்டைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுப்பாள். பிறகு அதைத் திருப்பி, நெருப்பு முனையை வாய்க்குள் விட்டு உதட்டை மூடிக்கொள்வாள். சாம்பலை நாக்கு நுனியால் கன்னத்தோரம் ஒதுக்கி, நேரம் பார்த்துத் துப்புவாள். பேச்சு மட்டும் நிற்காது. பனாய் தீவின் மலைப்பெண்கள் பலரும் இப்படித்தான் புகைத்தார்கள். நெருப்பை வாயில் வைத்துக்கொண்டே பொய் சொல்ல அவளுக்கு மட்டும்தான் வந்தது.

ஜப்பானியர் கீழூரைப் பிடித்து அது இரண்டாவது மழைக்காலம். மேலே காட்டில், அமெரிக்கரான கேப்டன் ஹோல்காம் நூறு கெரில்லாக்களை வைத்துக்கொண்டு, சண்டையைவிடச் சாப்பாட்டுக்கே அதிகம் திண்டாடினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்று சலித்த படைக்காக, ஞாயிற்றுக்கிழமை பொடென்சியானாவின் எருமையை அறுப்பதென்று முடிவானது. புருஷன் மலேரியாவில் போய்விட்டான்; கையில் எட்டு மாதக் குழந்தை; நடவுக்குப் பத்து நாள். இருந்தது அந்த ஒரே எருமை.

சேதி கொண்டுவந்தவன் பக்கத்து வயல்காரன், இப்போது சார்ஜண்டான தெலெஸ்போரோ.

"மேலிடத்து உத்தரவு, அக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"எருமைய அறுத்துட்டு நீ வந்து ஏர்ல நிப்பியாடா? கழுத்து என்னமோ வாகாத்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை குழந்தையை இடுக்கிக்கொண்டு முகாமுக்கு ஏறினாள்.

"கேப்டன், பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகல. நாளைக்குப் பாதிரியார் வர்றாரு. நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்."

"நானா?" ஹோல்காமின் காது சிவந்துவிட்டது.

"உங்கள விட்டா இந்த மலையில பெரிய மனுஷன் யாரு?"

சனிக்கிழமை அவர் முகச்சவரம் செய்துகொண்டு மாமரத்தடியில் நின்றார். குழந்தைக்கு அவர் பெயரையே வைத்தார்கள், வாரன் என்று. வாரன் அவர் சட்டையை நனைத்தான்.

மறுநாள் காலையில் அவளே எருமையை முகாமுக்கு ஓட்டிவந்தாள். இனி அவர் கேப்டன் இல்லை. பிள்ளையைப் பெற்றவளுக்கு ஞானத்தகப்பன் உறவுக்காரன், 'பாரே'.

"பாரே! உங்க பிள்ளையோட சோத்த ஓட்டியாந்திருக்கேன். உங்க கையாலயே வெட்டுங்க."

ஹோல்காம் சார்ஜண்ட் பக்கம் சாய்ந்தார். "வெட்டினா என்னய்யா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார், நல்லா சாப்பிடலாம். நாளைலேர்ந்து இந்த மலையில ஒரு வீட்டுக் கதவும் நமக்குத் தொறக்காது. சொந்த ஞானப்பிள்ளையோட ஏர்மாட்டத் தின்னவன்னு எட்டு ஊருக்குத் தெரிஞ்சிரும்."

"இத நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீங்க சவரம் பண்ணிக்கிட்டிருந்தீங்க சார்."

எருமை வீடு திரும்பியது. படை மறுபடி கிழங்கு தின்றது. அடுத்த வாரம் எருமை வைத்திருந்த இன்னும் நான்கு பெண்கள் குழந்தையும் கையுமாக வந்தபோது, கேப்டன் அவசரமாக ரோந்துக்குப் போய்விட்டார்.

போர் முடிந்த பிறகுதான் கீழூர்க் கோவிலின் பதிவேடு வெளியே வந்தது. அதில் பொடென்சியானாவின் அதே பிள்ளைக்கு, மாமரத்தடிச் சடங்குக்கு மூன்று மாதம் முன்பே ஞானஸ்நானம் ஆகியிருந்தது, அகாபிட்டோ என்ற பெயரில். ஞானத்தகப்பன், ஜப்பானியரிடம் வேலை பார்த்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அகாபிட்டோ. அந்த வாரம் அவரும் எருமை பிடிக்கத்தான் மலையேறி வந்திருந்தாராம்.