கல் கொட்டிய கரைக்கு வடக்கே

உப்பிப்போன ஒரு சுற்றுச்சூழல் புத்தகத்தோடுதான் அக்கா என் நினைவில் முதலில் வருகிறார். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் அரசுத் தேர்வுக்கான ஞாயிறு வகுப்பு நடந்தது. மரக்காணம் பஸ் தாமதமாகிவிட்டதால் கடைசியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்களை அவர் நகத்தால் பிரித்தபோது மேசையில் உப்பு உதிர்ந்தது. "ராத்திரி கடலு வீட்டுக்குள்ள வந்துட்டுச்சிம்மா. பாப்பாவத் தூக்கினேன், துணிமணிய எடுத்தேன். இத மறந்துட்டேன்" என்றார். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல இருந்தது குரல்.

அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். நான் பனமலைப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பத்துப் பெண். கடற்கரைக்கு அதற்கு முன் இரண்டொரு தடவைதான் போயிருந்தேன். வகுப்பு முடிந்ததும் பஸ் வரும்வரை நூலகத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். உணவுச் சங்கிலி, சதுப்பு நிலம், உயிர்க்கோளக் காப்பகம். பெயர்கள் அவருக்கு எளிதில் மனத்தில் நிற்காது. சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வார். வேலை கிடைத்தால் கடலுக்கு எட்டாத ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து, புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அவர் படித்தது அதற்காகத்தான். "அந்தாளு வர மாட்டேங்குது. கடல விட்டுட்டு நான் அங்க வந்து என்னா பண்றதுன்னு கேக்குது" என்று ஒருநாள் சொன்னார்.

கடலோரச் சூழல் பாடம் வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு, கடல் அரிப்பைத் தடுக்கும் முறைகளில் ஒன்று என்று சார் எழுதிப் போட்டார். அக்கா எழுந்து நின்றார். "சார், எங்களுக்குத் தெக்க இருக்கற ஊர்ல கல்லு கொட்டினாங்க. அவங்களுக்கு மணலு சேந்துச்சி. அப்புறந்தான் சார் எங்க கரை போச்சி."

சார் சாக்பீஸை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டு நின்றார். "நீங்க சொல்றது உண்மைதாம்மா. இந்தக் கரையில மணலு தெக்கருந்து வடக்க போய்க்கினே இருக்கும். நடுவுல மறிச்சா வடக்க இருக்கறவங்களுக்கு வராது. ஆனா பரீட்சையில நாலு விடை குடுப்பான். அதுல இதத்தான் சரின்னு வெச்சிருப்பான்."

"சரிங்க சார்" என்று உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டார். பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது.

தேர்வு விழுப்புரத்தில். அதற்கு முந்தைய வாரம் அவர்கள் வீட்டின் முன்சுவர் விழுந்திருந்தது. புருஷன் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருக்க, இவர் கிளம்பி வந்தார். வெளியே வந்ததும் என்னைத் தேடிப் பிடித்தார். "அந்தக் கேள்வி வந்துச்சி. கல்லுன்னே போட்டுட்டு வந்தேன்" என்றார். கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார். "கல்லு போட்ட ஊருக்கு அதானம்மா சரியான விடை."

இருவருமே தேர்ச்சி பெற்றோம். அக்காவுக்கு விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ரயில்வே லைனுக்குப் பின்னால் வீடு பார்த்தார். புருஷனும் வந்தார். சிமெண்ட் கடையில் மூட்டை தூக்கினார். நான் போகும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மழைக்காலம் முடிந்ததும், குப்பத்தில் வலை கிடக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. மிச்சமிருந்த பாதி வீட்டில் தங்கிக்கொண்டார். அடுத்த புயலில் அதுவும் போயிற்று. இப்போது கேரளப் பக்கம் ஏதோ துறைமுகத்தில் பிறர் படகில் கூலிக்குப் போகிறார். திருவிழாவுக்கு வந்தால் உண்டு. "சம்பளம் வந்துச்சி, வீடு வந்துச்சி. அந்த வீட்ல நானும் பாப்பாவுந்தான்" என்று அக்கா போனில் சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

போன மாதம் குப்பத்தில் ஒரு சாவுக்குப் போகத் துணைக்கு என்னை அழைத்தார். மகளும் வந்தாள். எட்டாவது படிக்கிறாள். கருவாட்டு நாற்றம் என்று துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு சாவு வீட்டுப் பந்தலிலேயே இருந்துவிட்டாள். நாங்கள் இருவரும் கரைக்குப் போனோம். கரை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. உடைந்த தளமும் ஒரு கிணற்று உறையும் அலைக்குள் தெரிந்தன.

தெற்கே, கருங்கல் வரிசைக்கு அந்தப் பக்கம், மணல் அகலமாக விரிந்து கிடந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கே போனாலும் ஓடி எடுக்க இடம் இருந்தது. அக்கா அதையே வெகுநேரம் பார்த்தார்.

"எங்களுக்கு வர வேண்டிய மண்ணும்மா அது" என்றார். பிறகு, "ஆடட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.