பாங்கு கேட்கும் நாய்

மகள் கொண்டுவந்த நாய்க்குட்டி என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது வெள்ளவத்தைப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. சிறுவயதில் நாங்கள் குடியிருந்த கொட்டாஞ்சேனை ஒழுங்கையும், ஈரச் சாக்கின் மணமும், எங்கள் நாய் மணியும் நினைவுக்கு வந்தன.

பக்கத்து வீட்டு மஜீத் நானா தொழுகைக்குக் கிளம்பினால், குட்டி மணி ஓடிப்போய் அவர் காலை நக்கிவிடும். நாயின் எச்சில் பட்டால் தொழுகை கூடாதென்று அவர் திரும்பிப்போய் மண்ணும் தண்ணீரும் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார். ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

“இன்னொருக்கா நக்கினால் இதை ஆருக்காவது குடுத்திடுவன்,” என்றார். நான் அழுதேன்.

மறுநாள் பாங்கு தொடங்கியதும் அம்மா மணியைத் தூக்கிப்போய்ப் பின்பக்கச் சாக்கில் விட்டு, மீன்தலை பிசைந்த ஒரு பிடி சோறு வைத்தார். அது தின்று முடிப்பதற்குள் நானா ஒழுங்கையைக் கடந்துவிட்டார். ஒவ்வொரு பாங்குக்கும் அப்படியே செய்தார். கொஞ்ச நாளில் யாரும் தூக்காமலே மணி ஓடிப்போய்ச் சாக்கில் உட்கார்ந்தது.

நானா வாசலில் நின்று சிரித்தார். “தங்கச்சி, ஒங்கட நாய்க்கு எனக்கு முந்திப் பாங்கு கேக்குது.”

“சோத்துப் பாங்கு, நானா,” என்றார் அம்மா. அதன்பின் மணியைக் கொடுக்கும் பேச்சே எழவில்லை.

மகள் போனில் நாய் பழக்கும் வீடியோ தேடிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் சாக்கை விரித்து, குட்டியைத் தூக்கி விட்டு, சோறு வைத்தேன்.

“என்னப்பா செய்யிறீங்கள்?”

“பொறு, பார்.”

எதிர்வீட்டு ஹாஜியார் பள்ளிக்குக் கிளம்பிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. குட்டி சோற்றிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.