ஊசி தொடாத மிச்சம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்த முதல் ஆள் நான். இன்று பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். யாராவது பேய்க் கதை சொன்னால் எழுந்து போய்விடுகிற ரகம். அதனால்தான் இதை இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்தேன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் சித்தியடைந்ததும், நாங்கள் குடியிருந்த மஹய்யாவ முழுக்க மிட்டாய் கொடுத்தார் அப்பா. மாநகரசபையில் துப்புரவு வேலை அவருக்கு, எழுத்து வாசிக்கத் தெரியாது. "என்ன வேணுமோ கேளும்மா" என்று கண்டி டவுனுக்குக் கூட்டிப் போனார். பழைய சாமான் கடையொன்றில் ஓர் இசைத்தட்டைக் கண்டேன். நடுவில் தமிழ் எழுத்து. அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்ததும் அதுதான் வேண்டும் என்றேன். போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் கிடையாது, அது வேறு விஷயம்.

கடைக்காரர் முஸ்லிம், எல்லோருக்கும் நானா; பின்னறையில் வைத்துப் போட்டுக் காட்டினார். பாட்டு முடிகிற நேரம், யாரோ தகரத்தில் அடிக்கிற மாதிரி மூன்று அடி, பிறகு ஒரு பிள்ளையின் குரல்: "அப்பா, தொறங்க!"

"பாட்டுக்குள்ள யாரையோ வச்சுப் பூட்டிட்டாங்க போல" என்று அப்பா சிரித்தார்.

"அது கீறல் மகள், பழசுதானே" என்று நானா ஊசியைத் தூக்கிவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பா தேத்தண்ணி குடிக்கப் போனார். நான் அலுமாரிகளுக்குப் பின்னால் குந்தியிருந்து மற்றத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அந்தத் தெருவில் ஷட்டர்கள் மளமளவென்று இறங்கும். நானும் அப்பாவோடு போய்விட்டேன் என்று நினைத்து, நானா இழுத்துப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்துவிட்டார்.

ஜன்னல் இல்லாத கடை. கண்ணுக்கு முன்னால் கை தெரியவில்லை. தடவித் தடவி ஷட்டரிடம் போய் மூன்று முறை அடித்தேன். "அப்பா, தொறங்க!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. அதே அடி, அதே சொல், அதே குரல். தட்டுக்குள் கேட்டது நான்தான்.

அடுத்து என்ன வருமென்று எனக்குத் தெரியாது, நானா ஊசியை எடுத்துவிட்டாரே. மறுபடி வாயைத் திறந்தால் அந்த மிச்சமும் நடந்துவிடும் என்று தோன்றியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தேன். வெளியே அப்பா என் பெயரைச் சொல்லித் தேடுவது கேட்டது. இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

தொழுகை முடிந்து ஷட்டர் உயர்ந்தது. "அல்லாஹ்! உள்ளுக்கயா ஈந்தீங்க மகள்?" என்று நானா பதறினார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "அந்தத் தட்டு வேணாம்மா, வேற ஏதாச்சும் வாங்குவோம்" என்றார். நான் விடவில்லை. நான் வென்ற பரிசு அது.

வேலை கிடைத்த பிறகு ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கி, பகல் வெளிச்சத்தில், மிச்சத்தையும் கேட்டேன். மூன்று அடி. என் சின்ன வயதுக் குரல். கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு. பிறகு மரக்கதவில் அடிக்கிற சத்தமும் ஒரு பெண்ணின் அழுகையும்: "மித்ரா, கதவத் தொற! அத்தைடி, தொற!" அதுவும் என் குரல்தான், இப்போதைய குரல். அத்தோடு தட்டு முடிகிறது.

அப்போது எங்கள் சொந்தத்தில் மித்ரா என்று யாருமே இல்லை.

பிறகு தம்பிக்கு மகள் பிறந்தாள், மக நட்சத்திரம். 'மி'யில் பெயர் வைக்கச் சொன்னார் கோயில் ஐயர். நான் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. மித்ரா என்றே வைத்தார்கள்.

என் வீட்டில் உள்தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். "டீச்சர் வீட்டுல கக்கூசுக்குப் போனா பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கணும்" என்று தம்பி கேலி செய்கிறான். அவன் வீட்டிலும் கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன். காரணம் கேட்டான். சொன்னேன். "படிச்சு படிச்சு உனக்கு மண்ட கொழம்பிருச்சுக்கா" என்றான், ஒன்றையும் கழற்றவில்லை.

மித்ராவுக்கு இப்போது தாழ்ப்பாள் எட்டுகிறது.