ஊசி முனையில் கிடைத்த மைதானம்

மெர்சியின் வேலை ரத்தம் எடுப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருவது சம்பளமில்லாத வேலை. சர்க்கரைப் பரிசோதனைக்காக சரவணம்பட்டி மில் முதலாளி சென்னகேசவன் வீட்டுக்குப் போனவள், ஊசி நரம்பில் ஏறிய பிறகுதான், மில்லுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தைப் பிள்ளைகள் விளையாடக் கேட்டாள். கண்ணை இறுக மூடியிருந்தவர் சரியென்றுவிட்டார். ஊசியை உருவியதும் நிபந்தனை போட்டார்: பேத்தி ஹாரிகாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மெர்சி வால்பாறை எஸ்டேட்டில் வளர்ந்தவள். அங்கே பந்தை நிறுத்தத் தெரியாதவர் தேயிலைக்குள் இறங்கி, இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டித்தான் அதை எடுத்து வர வேண்டும். அதனால் கோல் பற்றி அவள் பேசவே மாட்டாள். வருகிற பந்தை நிறுத்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளு, எதிராளியின் காலில் அடிபடாமல் பந்தை எடு. முதல் ஆறு மாதமும் இதே பாடம்தான்.

கடைசிப் பாடம் மட்டும் ஹாரிகாவிடம் பலிக்கவில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளைமேல் கால் படக்கூடாது என்று பெற்றவர்கள் சொல்லியனுப்பியிருந்தோம். என் மகள் அக்ஷிதாவிடம் நானும்தான் சொன்னேன். ஹாரிகா பந்தோடு வந்தால், கல்யாண வீட்டில் சம்பந்திக்கு வழிவிடுவதுபோல் எல்லோரும் ஒதுங்கினார்கள். கோல்கீப்பர் “வாங்க” என்றதாகக்கூடக் கேள்வி.

பிறகு வெளியூர் அணியோடு ஓர் ஆட்டம். அவர்களுக்கு மில்லும் தெரியாது, முதலாளியையும் தெரியாது. ஹாரிகாவின் காலுக்கு வந்த பந்தெல்லாம் பறிபோனது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். பேத்திக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை, அடுத்த ஞாயிறு கேட்டைப் பூட்டப்போகிறேன் என்று சென்னகேசவன் சொல்லியனுப்பினார்.

மெர்சி எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தாள். “வழி விட்டு வழி விட்டு அந்தப் புள்ளையக் கெடுத்துப்போட்டது நீங்கதானுங்க.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் என் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறன்று முதலாளி பூட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பூட்டுவதற்கு முன் ஒரே ஓர் ஆட்டம் என்று மெர்சி கேட்டு வாங்கினாள். தாத்தாவோடு வந்திருந்த ஹாரிகா உம்மென்று இறங்கினாள். ஐந்தாவது நிமிடம் அக்ஷிதா அவளிடமிருந்து பந்தைச் சுத்தமாக எடுத்தாள். ஹாரிகா நிலைதடுமாறிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி எழுந்தார்.

அக்ஷிதாவோ பழக்க தோஷத்தில் பந்தை விட்டுவிட்டு, “மன்னிச்சுக்கோங்க” என்று நின்றாள். அந்த நேரத்தில் ஹாரிகா எழுந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

“தாத்தா, உக்காருங்க” என்றாள் ஓடிக்கொண்டே.

அவர் உட்கார்ந்தார். அன்று கேட்டைப் பூட்டவில்லை. ஆனாலும் பூட்டையும் சாவியையும் கையோடு கொண்டுபோய்விட்டார். எந்த ஞாயிறு மனம் மாறுவாரோ என்று மூன்று மாதம் பயந்துகொண்டே பிள்ளைகளை ஆட அனுப்பினோம்.

அடுத்த சர்க்கரைப் பரிசோதனைக்கு மெர்சி போனாள். அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியை எடுத்துக்கொண்டு, “ஏனுங்க” என்று ஆரம்பித்தாள்.

சென்னகேசவன் அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவினார்.

“மொதல்ல சாவியப் புடி அம்மணி. அப்பறமாக் குத்து.”