தெரிந்தவர்களும் நம்பர் எடுக்கவும்

கவுன்சில் கவுண்டருக்கு யாரும் நல்ல செய்தி சொல்ல வருவதில்லை. குப்பைத்தொட்டி எடுக்கப்படாதவரும், பக்கத்து வீட்டு நாயால் நித்திரை கெட்டவரும்தான் வருவார்கள். மேற்கு சிட்னியில் ஒரு நகரசபையின் அப்படியொரு கவுண்டரில் இரண்டு வருடமாக நிற்கிறேன். எங்கேயாவது கண்ணாடிக்குப் பின்னால் நின்று அடுத்த நம்பரைக் கூப்பிட்டவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இராது.

சத்தம்

எனக்கு இயல்பிலேயே சத்தம் குறைவு. பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று வருடத்தில் ஒருநாளும் வகுப்பில் கை உயர்த்தியதில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம், தன் தொட்டியை மூன்று கிழமையாக யாரும் எடுக்கவில்லை என்று ஒரு வெள்ளைக்கார முதியவர் வந்தார். வருத்தம் தெரிவித்து, நாளைக்கே லொறி வரும் என்றேன். கண்ணாடியில் காதை வைத்தார். மறுபடி சொன்னேன். மூன்றாம் தரமும் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாயா, இல்லை ரகசியம் சொல்கிறாயா?"

லட்டு

சென்னையிலிருந்து வந்து பிளாக்டவுனில் இருந்த ஒரு அக்கா, எங்கள் பகுதிக்கு வீடு மாறினார். புது வீட்டில் தொட்டியே இல்லை. இரண்டு தொலைபேசி அழைப்பில் அதைச் சரிசெய்து கொடுத்தேன். அடுத்த வாரம், இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்கிலிருந்து ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்துவிட்டார். கவுன்சிலில் யார் எது தந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்: தந்தவர், பொருள், எதற்காக. நான் எழுதுவதை அவர் எட்டிப் பார்த்தார்.

"லட்டுக்குமா ஃபார்ம்? அப்போ உள்ளே எத்தனை முந்திரி இருக்குன்னும் எழுதிக்கோங்க."

என் வேலைக்கு நான்

என்னுடையது ஒப்பந்த வேலை. இந்த வருடம் அதை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார்கள். சந்தோசப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, வேலைதான் நிரந்தரம், நான் இல்லை. விளம்பரம் போடுவார்கள், ஊரில் எல்லோரும் விண்ணப்பிப்பார்கள், நானும் அவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கிடைக்காவிட்டால், வந்தவருக்கு வேலை பழக்கிவிட்டு வெளியேற வேண்டியதுதான். "ரெண்டு வருசமாச் செய்யிற பிள்ளையைத் தெரியாதோ அவைக்கு?" என்று அம்மா கேட்டார். எங்கள் மேற்பார்வையாளரான டெனிஸ் என்ற பெண்ணிடம் அதையே நான் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன்.

"முதலில் விண்ணப்பத்தை அனுப்பு. போன தடவை ஒருவன் தன் வேலைதானே என்று அனுப்பாமல் இருந்துவிட்டான்."

கிரவீன் அங்கிள்

விண்ணப்பத்தை அனுப்பி இரண்டாம் நாள், அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் பக்கத்துப் பகுதியான கிரவீனிலிருந்து வந்தார். நம்பர் துண்டு எடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்து கையை ஊன்றினார். அவருடைய வளவில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தை வெட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாராம், ஒரு மாதமாகப் பதில் இல்லை.

"பிள்ளை, அந்த ஃபைலைக் கொஞ்சம் மேல எடுத்து வைச்சால் போதும்."

"ஃபைல் எண்டு ஒண்டும் இல்லை அங்கிள். எல்லாம் கம்பியூட்டரிலை, வந்த வரிசையிலை கிடக்கு."

"அப்ப கம்பியூட்டரிலை மேல வையும்."

தெரிந்தவர் என்றால் அவருடைய அலுவலை நாங்கள் தொடக்கூடாது. படிவத்தில் எழுதிவிட்டு வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதைச் சொல்லி, நம்பர் எடுக்கச் சொன்னேன். நாற்பது நிமிடம் கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நம்பர் வந்ததும் டெனிஸைக் கூப்பிட்டேன்.

"எங்கட பிள்ளை எண்டு நம்பி வந்தால், நீர் வெள்ளைக்காரப் பொம்பிளையைக் கூப்பிடுறீர்."

முறைப்பாடு

அன்றே ஒரு முறைப்பாடு அனுப்பியிருந்தார், நல்ல ஆங்கிலத்தில். மகள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 'இந்த அலுவலருக்கு என்னைச் சிறு வயதிலிருந்தே நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் மற்றவர்களைப் போலவே என்னையும் காத்திருக்க வைத்தார்.' வேலைக்கான நேர்முகத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. இரண்டு வருடத்தில் என் பெயர் போட்டு ஒருவர் எழுதிய முதல் கடிதம் இதுதான். டெனிஸ் இரண்டு தரம் வாசித்தார்.

"பதில் நான் எழுதுகிறேன். நீ இதில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்."

மூன்று பேர்

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் டெனிஸ். காலையில் என்னோடு தேநீர் குடித்தவர், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். விதி அப்படி. நாலாவது கேள்விதான் வில்லங்கம்: நேர்மையாக நடக்கக் கஷ்டப்பட்ட ஒரு சந்தர்ப்பம். என்னைப் புகழ்ந்து பேச எனக்கு வராது. பையிலிருந்து முறைப்பாட்டை எடுத்து, பெயரையும் முகவரியையும் கறுப்பு மையால் அடித்திருப்பதைக் காட்டி, இதை நீங்களே வாசித்தால் நல்லது என்றேன். மூவரும் வாசித்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு கிழமையால் வேலை எனக்கு என்று கடிதம் வந்தது. காரணத்தை டெனிஸ் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னார்.

"வந்த எல்லோரும் தங்களை நேர்மையானவர் என்றுதான் சொன்னார்கள். எழுத்தில் சாட்சி கொண்டுவந்தது நீ மட்டும்தான்."

மறுபடியும் அங்கிள்

போன மாதம் அங்கிள் வந்தார். மரத்தில் இரண்டு கிளை மட்டும் வெட்டலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது; அதை எதிர்த்து மேன்முறையீடு செய்ய வேண்டுமாம். இந்தத் தடவை வாசலிலேயே நம்பர் எடுத்தார். கதிரையில் போய் இருந்தார். அவருடைய நம்பர் என் கண்ணாடிக்கு வந்தது. எழும்பி வந்தவர், நான் வாய் திறக்க முதல் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீர் வேண்டாம் பிள்ளை, உமக்கு என்னைத் தெரியும். மற்றப் பொம்பிளையைக் கூப்பிடும்."

இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவரே அவர்தான் என்று சொல்லி நன்றி கூற எனக்கு ஆசைதான், ஆனால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும் என்பதால் டெனிஸைக் கூப்பிட்டேன்.