லைட் கரண்ட் மாப்பிள்ளை

நான் மின்பொறியியல் படித்த காலத்தில் அதற்குள் இரண்டு பாதைகள்தான். அணைக்கட்டு, மின்மாற்றி, தெருக்கம்பி எல்லாம் ஹெவி கரண்ட். வானொலி, தொலைபேசி எல்லாம் லைட் கரண்ட். இறுதியாண்டில் நான் லைட்டை எடுத்தேன். மற்றதில் சாவு சுலபம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் என் கலியாணம் குழம்பப் பார்க்கும் என்று அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

பெண்ணின் ஊர் தன்னாமுனை. தகப்பன் தையற்காரர். நத்தார் பண்டிகை உடுப்புகளை அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது மகள். பெரிய ரோட்டுவரை வந்த மின்சாரம் அவர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் வரவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பான். லைட் படித்த மாப்பிள்ளை வந்தால் கூடவே லைட்டும் வரும் என்று அவர் ஒழுங்கை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

கோயில் திருநாளில் அவளை ஒருமுறை பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு வேறு பெண் பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. அம்மாவும் நானும் கலியாணம் பேசப் போனோம். தேத்தண்ணியைத் தந்த கையோடு அவர் கேட்டார்.

"தம்பி, நம்மட ஒழுங்கைக்கு எப்ப லைட் போடுவீங்க?"

"அது ஹெவி படிச்ச ஆக்கள்ட வேலை. இந்த லைட் விளக்கில்ல, மெல்லிய கரண்ட்."

"லைட் படிச்சவருக்கு லைட் போடத் தெரியாதோ?"

"தெரியாது."

தேத்தண்ணியைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். பிறகு மிகவும் மரியாதையாக, "உங்களோட ஹெவி படிச்ச பொடியன்மார் ஆரும் கலியாணம் முடிக்காம இரிக்காங்களோ?" என்றார்.

இருந்தார்கள். என் அறைத்தோழனே இருந்தான். நல்லவன், என்னைவிட வெள்ளையும்கூட.

"அப்பா," என்றது கதவுக்குப் பின்னால் ஒரு குரல். "எனக்கு இவரே காணும், வேற ஆரும் வேணாம். நூல் நான் கோத்துத் தாறன்."

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை மறைக்க வெறும் கோப்பையைத் தூக்கிக் குடித்தேன்.

கலியாணம் முடிந்து சில வருடங்களில் ஒழுங்கைக்கு மின்சாரம் வந்தது. நின்று கம்பி இழுப்பித்தவன் அதே அறைத்தோழன்தான். மாமா அவனை நான் வழக்கமாக உட்காரும் கதிரையில் உட்காரவைத்தார். பல்ப் எரிந்ததும் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு அதன் கீழே போய் நின்றார். நெடுநேரம் முயன்றார். நூல் ஏறவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பிறகு பல்பை அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மருமகன், இது உங்கட கரண்ட் போல."